உழவன்ர சாப்பாடு

அக்கா கதிரையில் இருந்து சாப்பிட்டதை நான் முதன்முதலாகக் கண்டது, ஸ்காபரோவிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் வடக்கே, ஒரு வெள்ளைக்காரத் தம்பதி நடத்திய கிராமத்துப் பப் ஒன்றில். அதற்கு முன் ஒன்றரை வருடமாக அவரோடு ஒரே தொழிற்சாலையில் எதிரெதிரே நின்று வேலை செய்திருக்கிறேன். அவ்வளவு காலமும் அவர் நின்றபடி சாப்பிட்டதைத்தான் பார்த்திருந்தேன்.

அவர் எனக்குச் சொந்த அக்கா இல்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், இருபத்து நாலு வயதில் ரொறொன்ரோவுக்கு வந்து, ஷாம்பூப் போத்தல்களுக்கு மூடி போடும் வேலைக்கு நான் போன முதல் நாளில் என்னோடு தமிழில் கதைத்த முதல் ஆள் அவர். நாற்பத்தைந்து வயதைத் தாண்டியிருந்தார். கல்யாணம் ஆகவில்லை. மோர்னிங்சைட்டில் தம்பி குடும்பத்தோடு இருந்தார். தம்பிதான் அவரைக் கனடாவுக்கு எடுப்பித்தவர்.

எங்களுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் தருவார்கள். சாப்பாட்டு அறையில் பத்து மேசையாவது கிடக்கும். அக்கா மட்டும் மைக்ரோவேவுக்குப் பக்கத்தில், உள்ளங்கையில் டப்பாவை வைத்துக்கொண்டு, சுவரோடு சாய்ந்து நின்று சாப்பிடுவார். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

"அக்கா, இருங்கோவன்."

"இல்லைப் பிள்ளை. இருந்தா எழும்ப மனம் வராது."

ஒரு முறை, எங்கள் மேற்பார்வையாளராக இருந்த போர்த்துக்கேயப் பெண் அவருக்கு முதுகுவருத்தம் ஏதும் இருக்கிறதா என்று என்னிடம் கேட்டாள். இல்லை என்றேன். அப்படியென்றால் மூலவருத்தமா என்று கேட்டாள். அக்காவிடம் இதைச் சொன்னபோது வாயில் இருந்த சோறு புரையேறும் வரைக்கும் சிரித்தார். சிரித்துவிட்டு, நின்றபடியே மிச்சத்தையும் சாப்பிட்டு முடித்தார்.

பஸ்ஸிலும் அப்படித்தான். பின்பக்கம் முழுவதும் வெறுமையாகக் கிடந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். யாரோ வயதான ஒருவர் அடுத்த தரிப்பில் ஏறப்போகிறார் என்பதுபோல.

தம்பியின் மகளுடைய பிறந்தநாளுக்கு ஒரு முறை அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். இருபது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். இடியப்பமும் சொதியும் அக்காதான் செய்திருந்தார், பரிமாறியதும் அவர்தான். தம்பி கெட்ட மனிதர் அல்ல. "அக்கா, நீயும் வந்து சாப்பிடன்" என்று இரண்டு மூன்று தரம் கூப்பிட்டார். கூப்பிட்டுக்கொண்டே தன் கோப்பையில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்துவிட்டார். எல்லோரும் போனபின் நான் குசினிக்குள் போனபோது, அக்கா கழுவும் தொட்டியில் சாய்ந்தபடி, இடியப்பத் தட்டில் ஒட்டியிருந்ததைச் சொதிச்சட்டிக்குள் போட்டுப் பிசைந்து தின்றுகொண்டிருந்தார்.

"எங்கட தாய் செத்தபோது தம்பிக்கு ஆறு வயசு, பிள்ளை," என்றார், நான் எதுவும் கேட்காமலே. "ரெண்டு தங்கச்சிமார் வேற. எல்லாருக்கும் போட்டுக் குடுத்திட்டுப் பாத்தா, இருந்து சாப்பிடுற அளவுக்குச் சட்டியில ஒண்டும் இராது. நிண்டே பழகிட்டுது."

தம்பி அவருக்கு ஒரு பழைய கார் வாங்கிக் கொடுத்திருந்தார். பிள்ளைகளைத் தமிழ் வகுப்புக்கும் நீச்சலுக்கும் ஏற்றி இறக்க வேண்டும் என்பதற்காக. நாலாவது தடவையில்தான் லைசென்ஸ் கிடைத்தது. கிடைத்த பிறகு, ஸ்டியரிங்கைப் பிடித்தால் அக்கா வேறு ஆள். வேகமாக ஓடமாட்டார். ஆனால், தெரியாத தெருவைக் கண்டால் திரும்பிவிடுவார். அவர் வாழ்க்கையில் ஓர் இருக்கையில் இருந்துகொண்டு செய்த ஒரே வேலை அது என்று இப்போது தோன்றுகிறது.

அந்த ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, நகரத்துக்கு வெளியே ஒரு தோட்டத்தில் நாங்களே பிடுங்கி எடுக்கலாம் என்று கேள்விப்பட்டு, பச்சைமிளகாய் பிடுங்கப் போயிருந்தோம். திரும்பி வரும்போது காரின் முன்பக்கத்திலிருந்து புகை வந்தது. இரண்டு பக்கமும் சோளக்காடு. சற்று முன்னால் ஒரு கல்வீடும், அதன் வாசலில் குதிரையும் கலப்பையும் கீறிய ஒரு பலகையும் தெரிந்தன.

"வாரும், தண்ணி கேட்டுப் பாப்பம்."

"அக்கா, அது பார் போல கிடக்கு. நாங்கள் இதிலயே நிப்பம். ஆரும் கார்க்காரர் வருவினம்."

"பார் எண்டா அங்க தண்ணி இல்லையோ?"

அவர் முதலில் போனார். நான் கைப்பையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். உள்ளே இருட்டான மரச்சுவர், தாழ்ந்த கூரை, ஓர் அடுப்பு, பியர் குடித்துக்கொண்டிருந்த மூன்று கிழவர்கள். அவர்கள் எங்களை ஒரு தரம் பார்த்துவிட்டுத் தங்கள் கதையைத் தொடர்ந்தார்கள். கவுண்டரில் நின்ற வெள்ளைமுடி அம்மாவின் ஆங்கிலம் இங்கிலாந்து ஆங்கிலம், எனக்குப் பாதிதான் பிடிபட்டது. அவருடைய கணவர் தண்ணீர் வாளியோடு போய்க் காரைப் பார்த்துவிட்டு வந்து, சூடு ஆறாமல் மூடியைத் திறக்கக் கூடாது, ஒரு மணி நேரம் பொறுங்கள் என்றார்.

"சும்மா இருக்கேலாது, ஏதும் வாங்கோணும்," என்றார் அக்கா.

சுவரில் ஒரு கரும்பலகை. அக்கா சைவம். பலகையில் இருந்ததெல்லாம் மாடும் பன்றியும் மீனும். கடைசி வரியை நான் எழுத்துக்கூட்டி வாசித்தேன். "ப்ளோக்... ப்ளோமன்ஸ் லஞ்ச்." அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கவுண்டருக்கு வெளியே வந்து, இரண்டு கைகளாலும் இல்லாத ஒரு பிடியைப் பிடித்துக்கொண்டு, மேசைகளுக்கு நடுவே, முன்னால் குதிரை போவதுபோல் அதட்டியபடி நாலு அடி நடந்து காட்டினார்.

"அட, கலப்பை!" என்றார் அக்கா. "பிள்ளை, உழவன்ர சாப்பாடு எண்டு சொல்லுறா. இறைச்சி இருக்கோ எண்டு கேளும்."

பன்றி இறைச்சி இருக்கும், வேண்டாமென்றால் எடுத்துவிடலாம், முட்டையையும் எடுத்துவிடலாம், பதிலுக்குச் சீஸ் கூட வைக்கிறேன் என்றார் அந்த அம்மா.

இரண்டு மரப்பலகைகளில் வந்தது சாப்பாடு. தடித்த ஒரு துண்டுப் பாண், கட்டிப் பட்டர், கையளவு மஞ்சள் சீஸ், வினிகரில் ஊறின சின்ன வெங்காயங்கள், மண்நிறத்தில் இனிப்பும் புளிப்புமாக ஒரு சட்னி, பாதி அப்பிள், சலாது இலை. பலகையைக் கண்டதும் அக்கா எழுந்து இரண்டு கைகளையும் நீட்டினார், வாங்கி வைப்பதற்கு. அந்த அம்மா ஒரு கையால் பலகையைப் பிடித்தபடி மற்றக் கையை அக்காவின் தோளில் வைத்து மெல்ல அமத்தினார். "நீ இரு. இது என்னுடைய வேலை," என்றார். அக்கா இருந்தார்.

கொஞ்ச நேரம் சாப்பாட்டைத் தொடவில்லை.

"இவ்வளவும் எனக்கு மட்டுமோ?"

"ஓம் அக்கா."

"ஒருத்தருக்கும் பிரிக்கத் தேவையில்லையோ?"

"என்ர என்னட்ட இருக்கு. அது உங்கட."

பிறகு சாப்பிடத் தொடங்கினார். பாணைப் பிய்த்து, பட்டரைப் பூசி, சீஸில் ஒரு நறுக்கை வைத்து, வெங்காயத்தை நாலாக வெட்டி ஒன்றை அதன்மேல் வைத்து, வாயில் போட்டு, யன்னலுக்கு வெளியே சோளக்காட்டைப் பார்த்துக்கொண்டு மென்றார். அடுத்த வாய்க்கு ஐந்து நிமிடம் எடுத்தார். அந்த அம்மாவின் கணவரான கிழவர் இரண்டு தடவை வந்து கார் ரெடி என்றார். "ஓகே, ஓகே" என்று தலையாட்டிவிட்டு அக்கா அப்பிளில் இன்னொரு துண்டு வெட்டினார். நாங்கள் அங்கிருந்து எழும்ப இரண்டு மணி நேரம் ஆயிற்று.

திரும்பிக் கார் ஓட்டி வந்தவர், நெடுஞ்சாலையில் ஏறும்போது, "உந்த மிளகாய் அடுத்த மாசத்துக்குக் காணாது, என்ன பிள்ளை?" என்றார்.

அதன்பின் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். பூசணிக்காய் என்று சொல்லிப் போனோம், அப்பிள் என்று சொல்லிப் போனோம். பனிக்காலத்தில் சொல்வதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. "ஓடாமல் விட்டா பற்றரி செத்துப் போகும்" என்று தம்பியிடம் சொல்லிவிட்டு வந்தார். நானும் என் கணவரிடம் அக்காவோடு கடைக்குப் போகிறேன் என்றுதான் சொன்னேன். இரண்டு பெண்கள் பப்புக்குப் போய்ப் பாணும் வெங்காயமும் தின்றுவிட்டு வருகிறோம் என்று யாரிடம் சொல்வது? நாங்கள் குடித்தது இஞ்சிச் சோடா. ஆனால், அதைக் கேட்கும் பொறுமை எங்கள் ஆட்களில் எவருக்கும் இருக்காது.

யன்னலோர மேசையை அந்த அம்மா எங்களுக்கென்று வைத்திருப்பார். அக்காவுக்கு அவருடைய ஆங்கிலமும் அவருக்கு அக்காவின் ஆங்கிலமும் விளங்காது. இருந்தாலும் இருவரும் கதைத்தார்கள். வெங்காயத்தில் உறைப்பு இல்லை என்று அக்கா கையால் காட்ட, அடுத்த முறை போனபோது வினிகர்ப் போத்தலுக்குள் நாலு காய்ந்தமிளகாய் மிதந்தது. அக்கா அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. யாரோ ஒருவர் தன் வாய்க்காக ஒன்றை மாற்றிச் செய்திருக்கிறார் என்பதை அவரால் நம்பமுடியவில்லை.

அந்த மேசையில்தான் ஒரு நாள் சொன்னார், பேச்சோடு பேச்சாக.

"எனக்கும் ஒரு சம்பந்தம் பொருந்தி வந்தது, பிள்ளை. தபால் கந்தோரில வேலை. தங்கச்சியவையின்ர முடியட்டும் எண்டு நான் சொல்ல, மூண்டு வருசம் பாத்துக்கொண்டிருந்தவர். பிறகு அவற்ற தாய்க்கு ஏலாமல் போக வேற இடத்தில கட்டினார். அவரிலயும் பிழையில்லை."

"நீங்கள் அவரோட கதைச்சனீங்களோ?"

"ஒருக்கா வீட்ட வந்தவர். தேத்தண்ணி குடுத்திட்டு நான் குசினிக் கதவடியில நிண்டனான். 'நீங்களும் வந்து இருங்கோவன்' எண்டு கேட்டவர். எனக்கு வெக்கம். போகேல்லை." வெங்காயத் துண்டைக் கத்தி நுனியால் தள்ளிக்கொண்டே இருந்தார். "போய் இருந்திருக்கலாம். அஞ்சு நிமிசம் இருந்திருந்தா என்ன வந்திருக்கும்?"

அவர் கண் கலங்கவில்லை. எனக்குத்தான் கலங்கியது. அவர் தன்னுடைய அப்பிளில் பாதியை எடுத்து என் பலகையில் வைத்தார்.

இரண்டு வருடத்தின்பின், ஓர் இலையுதிர் காலத்தில், அப்பிள் பிடுங்கக் குடும்பத்தோடு போன தம்பியின் நண்பர் ஒருவர் அந்தப் பப்பின் வாசலில் அக்காவின் காரைக் கண்டார். இறங்கி, யன்னலால் எட்டிப் பார்த்திருக்கிறார். அன்று நான் போகவில்லை. ஆறு மாதக் கர்ப்பம், கால் வீங்கியிருந்தது. அவர் கண்டது மேசையில் தனியே இருந்த அக்காவையும், அவருக்கு எதிரே நின்று கதைத்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரக் கிழவரையும்.

மறுநாள் பின்னேரம் தம்பி எங்கள் அப்பார்ட்மென்டுக்கு வந்தார். அக்காவையும் கூட்டி வந்திருந்தார். என் மாமியார் ஊரிலிருந்து வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அவர் சோபாவில் இருந்தார். என் கணவர் பக்கத்தில் நின்றார்.

"பிள்ளை, குறை நினைக்காதையும்," என்றார் தம்பி. "அக்கா ரெண்டு வருசமா ஒரு பாருக்குப் போய் வாறாவாம், கேட்டதுக்கு அவவே சொன்னவ. உம்மோடதான் கடைக்குப் போறன் எண்டு சொல்லிப் போறவ. நீரும் போனனீரோ?"

மாமியார் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அக்கா கதவடியில் நின்றார். சப்பாத்துக்கூடக் கழற்றவில்லை.

"எனக்குத் தெரியாது, அண்ணை," என்றேன்.

எவ்வளவு இலகுவாக அது வாயால் வந்தது! தம்பி திரும்பி அக்காவைப் பார்த்தார்.

"பிள்ளைக்கு ஒண்டும் தெரியாது," என்றார் அக்கா. "நான் தனியத்தான் போறனான். அவவை ஏன் கரைச்சல் படுத்துறாய், வா."

அவர்கள் போனபின் மாமியார், "வயசு போன நேரத்தில உதுக்குப் புத்தி போன போக்கைப் பார்" என்றார். நான் குசினிக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

தம்பி கார்ச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார். அக்கா மூன்று கிழமை பஸ்ஸில் வேலைக்கு வந்தார். என்னோடு முன்பு போலவே கதைத்தார். கால் வீக்கத்துக்கு மல்லித்தண்ணீர் அவித்துக் கொண்டுவந்தார். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கும்போதெல்லாம் போத்தல்கள் ஓடும் பெல்ட்டைக் காட்டி, "மூடியைப் பாரும், மூடியைப் பாரும்" என்றார். நாலாம் கிழமை திங்கட்கிழமை அவர் வரவில்லை. அந்த வெள்ளைக்கார அம்மா தன் பிக்கப் வண்டியில் மோர்னிங்சைட்டுக்கே வந்து, பட்டப்பகலில், இரண்டு பெட்டிகளோடு அவரை ஏற்றிக்கொண்டு போனதாகப் பிறகு கேள்விப்பட்டேன். கிழவருக்குக் கை நடுங்கத் தொடங்கியதால் குசினிக்கு ஆள் தேவைப்பட்டிருக்கிறது. மேலே ஓர் அறையும் இருந்திருக்கிறது.

கோயிலில் கேட்டவர்களுக்குத் தம்பியின் மனைவி, அக்கா தூரத்தில் வேலைக்குப் போய்விட்டா என்றார். தம்பியோ தனக்கு அக்கா இல்லை என்றார்.

அடுத்த ஒக்ரோபரில், மகளுக்கு எட்டு மாதமானபோது, என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "அப்பிள் வாங்கப் போறம் எண்டு அம்மாட்டச் சொல்லும்," என்றார்.

அக்கா கொஞ்சம் கொழுத்திருந்தார். வெள்ளை ஏப்ரன் கட்டி, முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். என் மகளைத் தூக்கிக் கன்னத்தைக் கடித்தார். மூன்று மணிக்குச் சனம் குறைந்ததும், எங்களுக்கும் தனக்கும் அந்த இருவருக்குமாக ஐந்து பலகைகள் கொண்டுவந்து வைத்துவிட்டு, தன் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். தினமும் அந்த நேரத்துக்கு மூன்று பேரும் சேர்ந்து இருந்துதான் சாப்பிடுவார்களாம். கிழவரின் பாணுக்கு அக்கா பட்டர் பூசிக் கொடுத்தார். அந்த அம்மா அக்காவின் பலகையில் சட்னி குறைந்ததைக் கண்டு, கேட்காமலே போட்டார்.

புறப்படும்போது காரடியில் வைத்து அழுதுகொண்டே சொன்னேன். "அக்கா, அண்டைக்கு நான்..."

"வயித்தில பிள்ளையோட நீர் வேற என்ன சொல்லியிருக்கேலும்? விடும்." என் கையைப் பிடித்தார். "எனக்கு ஒண்டு மட்டும் செய்யும். தம்பியைக் கண்டா, நான் நல்லா இருக்கிறன் எண்டு சொல்லும். ஒருக்கா வந்து என்னோட இருந்து சாப்பிடச் சொல்லும். அவன் சின்னனில என்ர மடியில இருந்துதான் சாப்பிட்டவன். அதுக்குப் பிறகு நாங்கள் ரெண்டுபேரும் ஒரு நாளும் சேந்து இருந்து சாப்பிடேல்லை."

சொல்கிறேன் என்றேன்.

சொல்லவில்லை. தம்பியைக் கோயிலில் இரண்டு தடவை கண்டேன். ஒரு தடவை மாமியார் பக்கத்தில் நின்றார். மறுதடவை யாருமில்லை, ஆனாலும் நான் வேறு பக்கம் திரும்பிவிட்டேன். அவருக்குச் சொன்னால், உமக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார். அன்று பொய் சொன்னதை ஒப்புக்கொள்ள வேண்டும். அடுத்த முறை, அடுத்த முறை என்று பனிக்காலமும் கோடையும் போய்விட்டன.

அடுத்த வருடம் புரட்டாதியில் ஸ்காபரோவில் ஒரு கல்யாண மண்டபத்தில் தம்பி என் மேசைக்கே வந்து இருந்தார். நரைத்து, முகம் வற்றியிருந்தார். பிள்ளைகள் எப்படி என்று கேட்டேன். "இருக்குதுகள். அக்கா போனபிறகு வீட்டில ஆர் எப்ப சாப்பிடுகினம் எண்டே தெரியாது," என்றார். அக்கா என்ற சொல்லைச் சொன்னபின் அவர் தலை குனிந்துகொண்டது. அப்போது சொன்னேன். நானும் போனேன், இரண்டு வருடம் போனேன், அன்று பொய் சொன்னேன், அவ உங்களைக் கூப்பிட்டவ என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து பேனையை எடுத்து, மேசைக் கடதாசியை என் பக்கம் தள்ளி, "வழியைக் கீறித் தாரும்," என்றார்.

வந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டு ரெலிபோன் அடித்தது. தம்பிதான். பெட்ரோல் நிலையப் பொதுத் தொலைபேசியிலிருந்து கதைத்தார்.

"பிள்ளை, பூட்டிக் கிடக்கு. வித்தாச்சு எண்டு போர்ட் போட்டிருக்கு." மூச்சு வாங்கினார். "இஞ்ச எண்ணெய் அடிக்கிற பெடியனைக் கேட்டனான். கிழவர் பனி கரையிற நேரம் செத்துப் போயிட்டாராம். கிழவி கோடைக்குள்ள மகளிட்டப் போயிட்டாவாம், பசிபிக் கரைப் பக்கம் எங்கயோ. 'அந்த இந்தியன் லேடியும் கூடப் போனவ' எண்டு சொல்லுறான். விலாசம் தெரியாதாம்."

ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றிப் பிடித்தேன்.

"உம்மட்ட அவ எப்ப சொல்லி விட்டவ?" என்று கேட்டார்.

போன மாதம் என்று சொல்லியிருக்கலாம். இந்தக் கோடையில் என்று சொல்லியிருக்கலாம்.

"போன வருசம் ஒக்ரோபரில, அண்ணை."

அவருக்குப் பின்னால் ஒரு லொறி போகும் சத்தம் கேட்டது. திட்டட்டும் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப பனிக்காலம் முழுக்க அவ இஞ்சதான் இருந்திருக்கிறா," என்றார்.